உரிமையாளர் பெயர்

திருக்கடலூர்ப் பொதுமண்டபத்தில்
கரம் பலகைகளைச் சுவரோடு சாய்த்துவிட்டு
இரண்டு மேசை போட்டிருக்கிறோம்.
காலை ஆறரை.
கடற்காற்றில் டெட்டோலும் கருவாடும்.

என் வேலை படிவம் நிரப்புவது.
பால்: பெட்டை.
நிறம்: செம்மண்.
வயது: பல்லைப் பார்த்து டொக்டர் ஃபர்ஹானா சொல்வார்.
உரிமையாளர் பெயர்:
இங்கேதான் பேனா நிற்கும்.

மீன் சந்தைப் பின்வாசலில் பிடித்து
வலையோடு ஓட்டோவில் கொண்டுவந்தான் கிறிசாந்தன்.
முழங்கையில் புதுக் கீறல்.
"கடிக்கேல்லை, நகம்தான்.
பிழை என்ர. பின்னால போனனான்."

அவன் தகப்பன் அந்த நாளில் லொறியில் போனவர்.
சுருக்குக் கம்பி, இறைச்சித் துண்டுக்குள் வெள்ளைத் தூள்,
வாலுக்கு இவ்வளவு என்று கூலி.
லொறி போன மூன்றாம் மாதம்
அதே ஒழுங்கையில் அத்தனை நாய்.
முகங்கள்தான் வேறு.
"அப்பா ஒருநாளும் வீட்டை நாய் வளர்க்கேல்லை" என்றான்.
அதற்குமேல் சொல்லவில்லை.
கீறலுக்கு ஊசி போட வரிசையில் நின்றான்.

போன வியாழன் பள்ளிக்கூடம் போனோம்.
துணிநாய் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு
நான் சொன்னேன்:
துரத்தினால் ஓடாதை, மரம்போல நில்.
கடிச்சால் குழாய்த் தண்ணி, சவர்க்காரம்,
பதினைஞ்சு நிமிசம் கழுவு.
மிளகாய்த்தூள் வேண்டாம், மந்திரிக்கப் போகவேண்டாம்,
நேரே ஆஸ்பத்திரி.

கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை,
பெயர் டிலக்சனா,
"மிஸ், அதுகளிட்டக் கேட்டனீங்களோ?"

வகுப்பே சிரித்தது. நானும்.
ஒரு பெட்டை, வருசத்தில் இரண்டு ஈற்று,
ஈற்றுக்கு ஐந்து ஆறு என்று
கரும்பலகையில் பெருக்கிக் காட்டினேன்.
"நான் கேட்டது அது இல்லை, மிஸ்."

இன்றைக்கு இவளை மல்லாத்திப் படுத்தி
மயிர் மழிக்கும்போது
முலைகள் வெற்றுப் பைகளாய்ச் சரிந்து கிடந்தன.
மீன் வெட்டும் இராசமலர் யன்னல் கம்பியைப் பிடித்தபடி
கணக்கு ஒப்புவித்தாள்:
"போன மாரியில ஆறு.
பஸ் ஸ்டாண்டில ரண்டு நசிஞ்சு.
ஒண்டு வாய்க்காலுக்க.
ரண்டு சொறி பிடிச்சுச் செத்தது.
மிச்சம் ஒண்டை ஆரோ கிண்ணியாவுக்குக் கொண்டு போனவை,
இருக்கோ தெரியாது."

டிலக்சனாவுக்கு இது பதில் இல்லை.
பதில்போல ஏதோ.

இருபத்தைந்து நிமிடம்.
நான்கு தையல்.
இடது காதில் சின்ன முக்கோணம் ஒன்றை வெட்டி எடுத்தார் டொக்டர்.
இனி யாரும் இவளை வலைபோட்டுத் தேடவேண்டாம் என்பதற்கு
அதுதான் துண்டு.

கோட்டை வழியில் மான்கள் நிற்கின்றன.
ஊர் பார்க்க வருபவர்கள் வாழைப்பழம் நீட்டுவார்கள்,
படம் எடுப்பார்கள்.
குப்பையில் ஷொப்பிங் பை தின்பது மானும்தான்.
கல்லெறி மட்டும் இவளுக்கு.

படிவம் இன்னும் முடியவில்லை.
இராசமலரைக் கேட்டேன், ஆற்றை நாய்?
"எங்கட செவலி."
காவலரணில் நிற்கும் பொடியன்
தொலைபேசியில் படம் காட்டினான்: "ரத்தி, அபே ரத்தி."
பேக்கரி நிஸ்தார் பெயர் வைக்கவில்லையாம்,
விடியப்புறம் போறணை திறக்கும் சத்தத்துக்கு
தானே வருமாம்.
பாண் கரை அவளுக்கென்று எடுத்து வைப்பாராம்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்,
பங்கு காணி கண்டவர்கள் போல.
கட்டத்துக்குள் மூன்று பெயரும் கொள்ளாது.
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்.
கச்சேரியில் யாராவது கேட்டால் கேட்கட்டும்.

பின்னேரம் கூட்டுக்குள் கண் திறந்தாள்.
யாருக்கும் வாலாட்டவில்லை.
சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
அவள் பாடு.

கையில் செதில் காயாமல் இராசமலர் வந்தாள்.
"பாரைத் தலை ஒண்டு இருக்கு. குடுக்கலாமோ?"
"நாளைக்கு" என்றார் டொக்டர்.

திரும்பிப் போனவள்
விற்காத மீன்களுக்கு அடியில்
அந்தத் தலையை
ஐஸுக்குள் ஆழமாய்த் தாட்டு வைத்தாள்.